உயிரில்லாத ஒரு சொல்

நம் இலக்கணத்தில் 'ஓரெழுத்து ஒருமொழி' என்பதைப் படித்திருப்பீர்கள். ஆ, ஈ, கை, தீ, பூ போன்றவை அவை. ஓர் எழுத்தே ஒரு சொல்லாகிப் பொருள் தருகிறது. இத்தகைய சொற்கள் 42 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. அந்த 42 சொற்களையும் எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் உயிர் இருக்கும். தனி உயிராகவோ, மெய்யோடு சேர்ந்த உயிராகவோ இருக்கும். 'க்' என்றோ 'வ்' என்றோ வெறும் மெய் மட்டும் ஒரு சொல்லாக நிற்பதை நம் மொழி ஏற்பதில்லை. உயிர் இல்லாமல் மெய் இயங்காது என்பது நம் இலக்கணத்தின் அடிப்படை.

ஆனால் ரஷ்ய மொழியில் வெறும் மெய் எழுத்துகளே சொற்களாக நிற்கின்றன! 'வ்' என்றால் 'உள்ளே, இல்' என்று பொருள். 'ஸ்' என்றால் 'உடன்'. 'க்' என்றால் 'நோக்கி'. 'மாஸ்கோவில்' என்பதை 'வ் மஸ்க்வே' என்பர். எழுத்தில் இடம் விட்டுத் தனிச் சொல்லாகவே எழுதுவர். ஆனால் பேசும்போது இந்த 'வ்' அடுத்த சொல்லின் தோள்மீது ஏறிக்கொண்டுதான் பயணம் செய்கிறது.

இந்தச் சொல்லின் உயிர் எங்கே போயிற்று? தேடிப் போனால் அதைவிட வியப்பான ஒரு செய்தி கிடைக்கிறது. உயிர் மட்டுமன்று, இந்தச் சொல்லின் பழைய உடலில் ஒரு துண்டுகூட இன்று அதனிடம் இல்லை. இன்றைக்கு நிற்கும் 'வ்' பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட ஓர் ஒலி! இது எப்படி நிகழ்ந்தது என்று பார்ப்போம்.

முன்னால் வரும் உருபு

'பள்ளியில்' என்னும்போது 'இல்' என்ற உருபு பெயருக்குப் பின்னால் வருகிறது. தமிழில் வேற்றுமை உருபுகள் எல்லாம் பின்னால் வருபவையே. ஆங்கிலத்தில் 'இன்', 'ஆன்', 'டு' போன்ற சொற்கள் பெயருக்கு முன்னால் வருகின்றன. எனவே இவற்றை முன்னிடைச்சொற்கள் என்கிறோம்.

ரஷ்யன், உக்ரேனியன், பெலாரஷ்யன், போலிஷ், செக், ஸ்லோவாக், செர்பியன், குரோவேஷியன், ஸ்லோவேனியன், பல்கேரியன், மாசிடோனியன் ஆகியவை ஸ்லாவிய மொழிகள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு குடும்பமாக இருப்பது போல இவையும் ஒரே தாயிடமிருந்து பிறந்தவை. அந்தத் தாய்மொழியை 'மூல ஸ்லாவியம்' என்பர். அது பேசப்பட்ட காலத்தில் எழுதப்படவில்லை. 863ஆம் ஆண்டில் சிரில், மெத்தோடியஸ் என்னும் சகோதரர்கள் மொராவியா நாட்டுக்குச் சமயப் பணிக்குச் சென்றனர். அதன் தொடர்பாகவே ஸ்லாவிய மொழிக்கு முதன்முதலில் நூல்கள் எழுதப்பட்டன. அதற்கு முந்திய நிலையை, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத் தாயின் முகத்தை ஊகிப்பது போல, உறவு மொழிகளை ஒப்பிட்டே அறிஞர்கள் கண்டறிந்தனர்.

மூலச் சொல் எது?

'உள்ளே' என்னும் பொருளில் கிரேக்க மொழியில் 'என்' என்று ஒரு சொல் உண்டு. லத்தீனில் 'இன்'. ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் 'இன்'. இன்று வழக்கொழிந்துபோன பழைய புருஷிய மொழியில் 'என்'. இவை எல்லாம் இந்தோ-ஐரோப்பிய மூல மொழியில் இருந்த 'என்' என்ற ஒரே சொல்லின் வழிவந்தவை. ஓர் உயிர், ஒரு மெய். அவ்வளவுதான் மூலச் சொல்.

ரஷ்ய 'வ்' என்பதும் இந்தக் குடும்பத்துப் பிள்ளையே. ஆனால் தோற்றத்தில் ஒற்றுமையே இல்லை அல்லவா? 'என்' என்பது 'வ்' ஆகும் வரை மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன.

முதல் மாற்றம்: வகரம் வந்தது

ஸ்லாவியத்தில் 'என்' என்பதன் உயிர் நலிந்து, மிகக் குறுகிய ஓர் உகரமாயிற்று. இந்த ஒலியை நமக்குப் புரியவைப்பது எளிது. நம் குற்றியலுகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 'காடு', 'பாட்டு' ஆகிய சொற்களின் இறுதியில் உகரம் முழுதாக ஒலிக்காமல் குறுகி ஒலிக்கிறதே, ஏறத்தாழ அதுபோன்ற ஒலி. நம் குற்றியலிகரம் போன்ற ஒரு குறுகிய இகரமும் ஸ்லாவியத்தில் இருந்தது. ஆக, 'என்' என்பது 'உன்' ஆயிற்று.

அடுத்து, சொல்லின் முதலில் நிற்கும் உகரத்தின் முன்னே ஒரு வகரம் தானாகத் தோன்றியது. நாமும் இதைச் செய்கிறோம். 'ஒன்று' என்று எழுதுகிறோம். பேசும்போது 'வொண்ணு' என்பது போலத்தானே ஒலிக்கிறோம்? உதடு குவியும் உயிரைச் சொல்லத் தொடங்கும்போது வகரம் அழைக்காமலே வந்துவிடுகிறது. ஸ்லாவியர் நாவிலும் அதுவே நடந்தது. நீர்நாய்க்கு வடமொழியில் 'உத்ர' என்று பெயர். ரஷ்ய மொழியில் அதுவே 'வித்ரா' ஆகி வகரத்தோடு நிற்கிறது. அதே வழியில் 'உன்' என்பது 'வுன்' ஆயிற்று.

இரண்டாம் மாற்றம்: னகரம் கட்சி மாறியது

ஸ்லாவிய மொழிக்கு ஒரு காலத்தில் ஒரு கட்டாயம் ஏற்பட்டது. ஒவ்வோர் அசையும் உயிரில்தான் முடிய வேண்டும், மெய்யில் முடியக் கூடாது என்பதே அது. மொழிநூலார் இதைத் 'திறந்த அசை விதி' என்பர். யாரும் கூடிப் பேசி இயற்றிய சட்டமன்று இது. பேசுவோரின் பழக்கமே மெல்ல மெல்ல விதியாயிற்று. 'மகன்' என்பதற்கு லிதுவேனிய மொழியில் இன்றும் 'ஸூனுஸ்' என்பர். ஸ்லாவியத்தில் இந்த விதியால் இறுதி 'ஸ்' உதிர்ந்தது.

'வுன்' என்பதும் மெய்யில் முடிகிறது. 'சுன்' (உடன்), 'குன்' (நோக்கி) என்னும் இரண்டு முன்னிடைச்சொற்களும் அப்படியே முடிந்தன. விதியின் கத்தி மூன்றின்மேலும் விழுந்தது. னகரம் வெட்டுப்பட்டு வு, சு, கு என்று ஆயின.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் னகரம் தப்பியது. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால், னகரம் முந்தைய அசையை விட்டு அடுத்த அசைக்குத் தாவிக்கொண்டது. அசை திறந்தே நின்றது. விதியும் மீறப்படவில்லை. னகரமும் பிழைத்தது.

இதற்குச் சான்று உண்டா? உண்டு. 'ஊஷி' என்றால் காதுகள். 'வுன்' என்பதோடு அது சேர்ந்து பிறந்த ரஷ்ய வினைச்சொல் 'வ்னுஷாத்'. நேர்ப்பொருள் 'காதுக்குள் இடு'; இன்றைய பொருள் 'மனத்தில் பதியவை'. 'அவன் காதில் போட்டு வை' என்று நாமும் சொல்வதில்லையா! இந்தச் சொல்லின் நடுவில் நிற்கும் னகரம் பழைய 'வுன்' என்பதன் எச்சம். பூமிக்கு அடியில் கிடைக்கும் புதைபடிவம் போல அது சொல்லுக்குள் கிடக்கிறது.

இப்போது சுவையான கட்டத்துக்கு வருகிறோம். 'அவனை, அவனுடைய' என்பதற்கு ஸ்லாவியச் சொல் 'யெகோ'. 'அவனுக்கு' என்பது 'யெமு'. 'குன்' என்பதோடு 'யெமு' சேரும்போது னகரமும் யகரமும் கலந்து ஞகர ஒலி பிறந்தது. 'கு ஞெமு' என்று ஆயிற்று. பொருள் 'அவனை நோக்கி'. அப்போது பிறந்த குழந்தைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். 'வு வீடு', 'வு காடு' என்று எல்லா இடத்திலும் னகரமில்லாத 'வு' என்பதையே அவர்கள் கேட்கிறார்கள். ஆகவே 'கு ஞெமு' என்று கேட்கும்போது, ஞகரம் முன்னிடைச்சொல்லைச் சேர்ந்தது என்று அவர்கள் எப்படி அறிவார்கள்? அது 'அவன்' என்ற சொல்லைச் சேர்ந்தது என்றே கொண்டார்கள். னகரம் கட்சி மாறிவிட்டது!

இதோடு நிற்கவில்லை. 'முன்னிடைச்சொல் வந்தால் யெகோ என்பது ஞெகோ ஆகும்' என்று ஒரு புது விதி அவர்கள் மனத்தில் உருவாயிற்று. என்றுமே னகரம் பெற்றிராத மற்ற முன்னிடைச்சொற்களோடும் அதைச் சேர்த்துப் பேசலானார்கள். போலிஷ் மொழியில் இன்று 'அவனை' என்றால் 'யெகோ'. 'அவனிடத்துக்கு' என்றால் 'தோ ஞெகோ'. இந்தத் 'தோ' என்பதில் னகரம் எக்காலத்திலும் இருந்ததில்லை.

ரஷ்ய மொழியில் இச்சொற்களை 'யெவோ', 'ஞெவோ' என்று ஒலிப்பர். 'உ ஞெவோ தோம்' என்றால் 'அவனிடம் வீடு உண்டு'. 'உ யெவோ தோமா' என்றால் 'அவனுடைய வீட்டருகே'. முதல் தொடரில் முன்னிடைச்சொல் 'அவன்' என்ற சொல்லைத் தழுவுகிறது. இரண்டாவதில் அது 'வீடு' என்ற சொல்லைத் தழுவுகிறது. 'அவனுடைய' என்பது இடையில் நிற்கிறது, அவ்வளவே. எனவே அங்கே ஞகரம் இல்லை. ரஷ்ய மொழி கற்கும் அயல்நாட்டு மாணவர்கள் தேர்வில் தடுமாறும் இடம் இது. காரணம் தெரிந்தால் தடுமாற்றம் இல்லை. தெற்கே செர்பிய மொழியிலோ ஞகரம் முழு வெற்றி பெற்றுவிட்டது. முன்னிடைச்சொல் இல்லாத இடத்திலும் 'ஞேகா' என்றே சொல்கிறார்கள்.

எழுத்துகள் இப்படி வீடு மாறுவது ஸ்லாவியத்தில் மட்டும் நடப்பதன்று. ஆங்கிலத்தில் 'நேப்ரன்' என்றிருந்த சொல், 'எ நேப்ரன்' என்பதை 'அன் ஏப்ரன்' என்று பிரித்ததால் தன் நகரத்தை இழந்தது. 'ஆரஞ்சு' என்ற சொல்லையும் பாருங்கள். வடமொழி 'நாரங்க' என்பது பாரசீக, அரபு வணிகர் வழியாக ஐரோப்பா சென்றது. ஸ்பானிய மொழியில் இன்றும் அதற்கு முதலில் நகரம் உண்டு. இத்தாலியிலும் பிரான்சிலும் முன்னால் நின்ற 'ஒரு' என்னும் பொருள்படும் சொல்லின் னகரத்தோடு அது கலந்து மறைந்தது. 'நாரங்க' என்பதே நம் 'நாரத்தை' போன்ற ஒரு திராவிடச் சொல்லிலிருந்து வந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. நாரத்தை இழந்த நகரமும் ஸ்லாவிய 'வுன்' இழந்த னகரமும் ஒரே விதத்தில் போனவைதாம்.

மூன்றாம் மாற்றம்: உயிர் பிரிந்தது

இப்போது மிஞ்சியது 'வு'. அதிலுள்ள உகரமும் குறுகிய உகரம். சுமார் 10 முதல் 12ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில், ஸ்லாவிய மொழிகள் அனைத்திலும் குறுகிய உயிர்கள் மறையத் தொடங்கின. எல்லாம் மறையவில்லை. சில மறைந்தன, சில வலுப்பெற்று முழு உயிராயின. எது மறையும், எது வலுக்கும் என்பதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. செக் நாட்டு அறிஞர் அந்தோனின் ஹாவ்லிக் 1889இல் பழைய செக் மொழியை ஆராய்ந்து அந்த ஒழுங்கைக் கண்டறிந்தார்.

விதி மிக எளிது. சொல்லின் கடைசியிலிருந்து முன்னோக்கி எண்ணுங்கள். முதல் குறுகிய உயிர் மறையும். இரண்டாவது வலுக்கும். மூன்றாவது மறையும். நடுவில் ஒரு முழு உயிர் வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். 'உறக்கம், கனவு' என்பதற்குப் பழைய சொல் 'சுனு'. இரண்டும் குறுகிய உகரங்கள். கடைசி உகரம் மறைகிறது. அதற்கு முந்தியது வலுத்து ஒகரமாகிறது. கிடைப்பது 'சோன்'. இன்றைய ரஷ்ய மொழியில் 'கனவு' என்பதற்குச் சொல் அதுதான். இனி 'கனவில்' என்பதற்குப் பழைய தொடர் 'வு சுனே'. இறுதி ஏகாரம் முழு உயிர். அதற்கு முந்திய 'சு' என்பதில் உள்ள உகரம் எண்ணிக்கையில் முதலாவது, மறைகிறது. 'வு' என்பதன் உகரம் இரண்டாவது. வலுத்து 'வோ' ஆகிறது. கிடைப்பது 'வோ ஸ்னே'. இன்றைய ரஷ்யர் எழுதுவதும் அதுவே. ஆனால் 'வீட்டில்' என்னும் 'வு தோமே' என்ற தொடரில் 'வு' என்பதை அடுத்து வருவது முழு உயிர். எனவே அதன் உகரம் மறைந்து 'வ் தோமே' ஆயிற்று. 'வ்' என்றும் 'வோ' என்றும் ஒரே சொல் இரண்டு வடிவில் திரிவதன் இரகசியம் இவ்வளவுதான்.

இந்த மாற்றத்தை நேரில் காட்டும் சாட்சிகளும் கிடைத்துள்ளன. ரஷ்யாவின் நோவ்கொரத் நகரில் 1951ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், அகழாய்வில் பூர்ஜ மரப்பட்டையில் கீறி எழுதிய ஒரு கடிதம் கிடைத்தது. அதன் பின்னர் இதுவரை 1,100க்கு மேற்பட்ட பட்டைகள் கிடைத்துள்ளன. ஈரக் களிமண் அவற்றை மட்காமல் காத்தது. கடன் பாக்கி, வீட்டுச் செய்தி, வழக்கு என்று சாதாரண மக்கள் தம் பேச்சு மொழியில் எழுதிய கடிதங்கள் இவை. 11ஆம் நூற்றாண்டுக் கடிதங்களில் குறுகிய உயிர்கள் தம் இடத்தில் இருக்கின்றன. பிற்காலக் கடிதங்களில் அவை ஒவ்வொன்றாக விடுபடுகின்றன. அந்திரேய் சலிஸ்னியாக் (1935–2017) என்ற மொழியறிஞர் இவற்றை நுணுகி ஆராய்ந்தவர்.

பேச்சில் போன உயிர் எழுத்தில் நெடுங்காலம் போகவில்லை. 'வ்' என்று ஒலித்துக்கொண்டே, மறைந்த உகரத்துக்கான எழுத்தையும் சேர்த்தே ரஷ்யர்கள் நூற்றாண்டுக் கணக்கில் எழுதி வந்தனர். 1917–18ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் சொல்லிறுதியில் நின்ற அந்த ஊமை எழுத்தை நீக்கியது.

ஆக, கணக்கைப் பாருங்கள். 'என்' என்ற மூலச் சொல்லின் உயிர் மறைந்தது. அதன் மெய் 'அவன்' என்ற சொல்லோடு போய்விட்டது. இடையில் வந்த வகரம் மட்டும் வீட்டுக்காரனாக உட்கார்ந்திருக்கிறது!

உடன்பிறந்தார் வீடுகளில்

ஒரே 'வு' ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு கோலம் கொண்டது. போலிஷ் மொழியில் 'வ்', 'வெ'. மாசிடோனியத்தில் 'வோ'. பல்கேரியத்தில் அடுத்த சொல் வகரத்தில் தொடங்கினால் இரட்டித்து 'வவ்' என்பது போல ஒலிக்கிறது: 'வவ் வார்னா', அதாவது வார்னா நகரில். செர்பியத்திலும் குரோவேஷியத்திலும், உயிரிழந்து சொல்முதலில் நின்ற 'வ்' மறுபடியும் உயிராகி 'உ' என்று ஆயிற்று. நாம் வடமொழியிலிருந்து பெற்ற 'விதவை' என்ற சொல்லுக்கு உறவான ரஷ்யச் சொல் 'வ்தவா'. செர்பியத்தில் அது 'உதோவிட்ஸா'. பேரன் ரஷ்ய மொழியில் 'வ்னூக்', செர்பியத்தில் 'உனுக்'.

உக்ரேனிய மொழியில் இரண்டும் உண்டு. முன்னும் பின்னும் உள்ள ஒலியைப் பார்த்து எது இனிமையோ அதைத் தேர்கிறார்கள். 'அவள் பள்ளியில்' என்பது 'வொனா வ் ஷ்கோலி'. 'அவன் பள்ளியில்' என்பது 'வின் உ ஷ்கோலி'. நம் புணர்ச்சி விதிகள் நினைவுக்கு வருகின்றன அல்லவா? பெலாரஷ்ய மொழியில் வகரத்துக்கும் உகரத்துக்கும் நடுவே உள்ள ஒலிக்கென்றே தனி எழுத்து உண்டு. அந்த எழுத்துக்குப் பொலட்ஸ்க் நகரில் 2003ஆம் ஆண்டு ஒரு நினைவுச் சின்னமே எழுப்பினர்.

ஒரு நாடும் ஒரு சொல்லும்

இவ்வளவு சிறிய சொல்லால் பெரிய காரியம் எதுவும் ஆகுமா? ஆகும்.

'வ்' என்பதற்கு 'உள்ளே' என்று பொருள். 'நா' என்ற மற்றொரு முன்னிடைச்சொல்லுக்கு 'மேலே' என்று பொருள். நாடுகளின் பெயரோடு ரஷ்ய மொழியில் பெரும்பாலும் 'வ்' வரும். தீவுகளுக்கும், எல்லை வரையறுக்கப்படாத நிலப்பகுதிகளுக்கும் 'நா' வரும். 'கியூபாவில்' என்பது 'நா கூபே'. உக்ரேன் நாட்டுக்கும் ரஷ்ய மொழியில் நெடுங்காலமாக 'நா' என்பதே பெருவழக்கு. 1991இல் உக்ரேன் விடுதலை அடைந்தது. 'எங்கள் நாடு ஒரு பெரிய நாட்டின் ஓரப் பகுதியன்று. மற்ற நாடுகளைப் போல எங்களுக்கும் வ் என்றே வழங்குக' என்ற எண்ணம் அங்கே வலுத்தது. 1993இல் உக்ரேன் அரசே இதைக் கோரியது. இன்று உக்ரேனியர் தம் மொழியில் 'வ்' அல்லது 'உ' என்றே சொல்கிறார்கள். ரஷ்யாவில் பழைய 'நா' தொடர்கிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன்மீது முழுப் போர் தொடுத்தது. அதே ஆண்டில் போலிஷ் மொழி மன்றம், அதுவரை போலிஷ் மொழியில் பெருவழக்காக இருந்த 'நா' என்பதற்குப் பதிலாக 'வ்' என்பதைப் பயன்படுத்துமாறு பரிந்துரை செய்தது.

இலக்கணம் இதில் யார் பக்கம்? இலக்கணத்தை மட்டும் கேட்டால் தெளிவான தீர்ப்புக் கிடைக்காது. உக்ரேனின் மாபெரும் கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோ 1845இல் எழுதிய 'உயில்' என்னும் புகழ்பெற்ற கவிதையில் தம் தாய்நாட்டுக்கு 'நா' என்றே எழுதியிருக்கிறார். ஸ்லோவாக்கியா 1993 முதல் தனி நாடு. ஆயினும் ஸ்லோவாக்கியர் தம் நாட்டை 'நா' சேர்த்தே வழங்குகின்றனர். அதை இழிவாகக் கருதுவதில்லை. ஆகவே 'நா' என்ற ஒலியிலேயே இழிவு இல்லை. 'வ்' என்ற ஒலியிலேயே பெருமையும் இல்லை. ஒரு சொல்லுக்கு மக்கள் தம் வரலாற்றால் ஏற்றும் பொருள்தான் அதன் எடை. தன் பெயரோடு எந்தச் சொல் வரவேண்டும் என்று ஒரு மக்கள் கூட்டம் விரும்பிக் கேட்டால், அது வெறும் இலக்கணக் கேள்வியாக நின்றுவிடுவதில்லை.

மொழியின் பெரிய சொற்களை அகராதியில் எல்லோரும் தேடுகிறார்கள். சிறிய சொற்களை யாரும் தேடுவதில்லை. ஆனால் அதிக உழைப்பும் அதிகத் தேய்மானமும் அவற்றுக்குத்தான். நாள்தோறும் கோடிக்கணக்கான வாய்களில் புழங்கிப் புழங்கி, ஓர் உயிரும் ஒரு மெய்யும் தேய்ந்து போன கதை இது. நீங்கள் நாள்தோறும் பேசும் சிறு உருபுகளையும் ஒருமுறை நிறுத்தி வைத்துக் கேட்டுப் பாருங்கள். நாம் எழுதும் 'வீட்டிலிருந்து' என்பது பேச்சில் 'வீட்லேர்ந்து' என்று ஒலிக்கிறதே, அதில் எந்த உயிர் போயிற்று, எந்த மெய் நின்றது என்று எண்ணிப் பாருங்கள். மொழி மாறுவதைக் காண மரப்பட்டைகளைத் தோண்ட வேண்டியதில்லை. அது நம் வாயிலேயே நடந்துகொண்டிருக்கிறது.